ஒரு லைன், மூன்று ரிசீவர், ஒரு ஃபாக்ஸ்

ஃபாக்ஸ் மெஷினை விற்பவனுக்குக் கமிஷன் உண்டு, பழுது பார்ப்பவனுக்குப் படி உண்டு, அதன் சொற்களை விளக்குகிறவனுக்குத் தொண்டை வறட்சி மட்டும்தான் உண்டு.

எண்பதுகளின் கடைசியில் பம்பாயில் அந்த மூன்றாவது வேலை எனக்கு. விசிட்டிங் கார்டில் 'இன்ஸ்டலேஷன் இன்ஜினியர்' என்று போட்டிருந்தார்கள். மாட்டுங்காவில் வீடு, சயனில் ஆபீஸ், வாடிக்கையாளர்கள் எங்கெங்கும். அகராதி படிக்கிற கெட்ட பழக்கம் எனக்குச் சின்ன வயதிலேயே தொற்றியிருந்ததால், மெஷினோடு வரும் ஒவ்வொரு சொல்லுக்கும் தமிழில் ஒரு விளக்கம் எழுதி ஒரு டயரியில் சேர்த்து வைத்திருந்தேன். 'இந்த ரூட்டின் எல்லா லைன்களும் பிஸி' என்று ஒரு பெண்மணி இந்தியில் ஒப்பிப்பதை அரை மணி நேரம் காதில் வாங்கியவர்கள், டயல் டோன் வருகிறதா என்று பார்த்துவிட்டுப் பல் விளக்கப் போய்த் திரும்பி வந்தும் வராததைக் கண்டவர்கள், அப்படிப்பட்டவர்கள் எல்லோரும் என் சொந்தக்காரர்கள். உங்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன்.

மூன்று கட்டங்கள்

மெஷின் வைப்பதற்கு முன் வாடிக்கையாளர் ஒரு படிவம் நிரப்ப வேண்டும். அதில் 'லைன் வகை' என்று ஒரு வரி, எதிரே மூன்று கட்டங்கள். டைரக்ட் என்றால் எக்ஸ்சேஞ்சில் கிளம்பிய கம்பி நடுவில் எங்கும் தங்காமல் உங்கள் கருவிக்கு வருகிறது. எக்ஸ்டென்ஷன் என்றால் நடுவில் ஒரு போர்டும் அதன் முன்னால் கொட்டாவி விடும் ஓர் ஆபரேட்டரும் உண்டு. பேரலல் என்றால் ஒரே கம்பியில் இரண்டு கருவிகள். மணி இரண்டிலும் அடிக்கும், ஒருவர் பேசுவதை மற்றவர் கேட்கலாம். ஃபாக்ஸுக்கு முதல் வகை உத்தமம். மூன்றாவது வகை ஆகவே ஆகாது.

தாராவி மீரான் பாய் முதல் கட்டத்தில் டிக் போட்டிருந்தார். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், ஐம்பதைத் தொட்டவர், பதினோரு பேர் உட்கார்ந்து தைக்கிற தோல் பர்ஸ் பட்டறையின் முதலாளி. பதினைந்து வருஷமாகப் பெரிய எக்ஸ்போர்ட்டர் ஒருவருக்கு அவர் தைத்துக் கொடுத்த பர்ஸ்களெல்லாம் எக்ஸ்போர்ட்டர் பெயரில்தான் கப்பல் ஏறின. இப்போது ஹாம்பர்க்கில் ஒரு கடைக்காரர் பர்ஸைப் பார்த்து, தைத்தவர் யார் என்று விசாரித்து, நேராக இவருக்கே கடிதம் எழுதியிருந்தார். 'உங்கள் ஃபாக்ஸ் எண்ணைத் தெரிவிக்கவும். மாதிரியின் அளவுகளைத் திருத்தி அனுப்புகிறோம். சம்மதம் வந்தால் ஆர்டர்.' அவர் சொந்தப் பெயருக்கு வரக்கூடிய முதல் ஆர்டர் அது. அதற்காகத்தான் மெஷின்.

நான் போய்ச் சுவரில் கம்பியைப் பிடித்துக்கொண்டே நடந்தேன். அது பட்டறையிலிருந்து வெளியேறி, அடுத்த கடையான செல்லத்துரை அண்ணாச்சியின் தையல் கடைக்குள் புகுந்து அங்கே ஒரு கறுப்பு போனுக்கு உயிர் கொடுத்துவிட்டு, மறுபடியும் வெளியே வந்து சந்து முனை டீக்கடையில் மூன்றாவது போனில் போய் முடிந்தது. மணி அடித்தால் பக்கத்தில் யார் இருக்கிறாரோ அவர் எடுப்பார், ஆளைக் கூவிக் கூப்பிடுவார். இரண்டாவது மணி வரை அடிக்க விடுவது அந்தச் சந்தில் மரியாதைக் குறைவு. டைரக்ட் என்று ஏன் போட்டீர்கள் என்று கேட்டேன். மீரான் பாய் கொஞ்சமும் சங்கடப்படாமல் சொன்னார்:

"போனு என் பேர்லதான் தம்பி இருக்கு. காதுதான் சந்துக்குப் பொது."

இருபது எழுத்து

ஃபாக்ஸில் அனுப்புகிற ஒவ்வொரு தாளின் தலையிலும் அனுப்புகிறவர் பெயர் தானாக அச்சாகும். அதற்கு ஹெடர் என்று பெயர். 'தலைவரி' என்று என் டயரியில் எழுதி வைத்திருந்தேன். எங்கள் மெஷினில் அதற்கு ஆங்கிலத்தில் இருபது எழுத்துதான் இடம், இடைவெளியும் கணக்கில் சேரும். பெயரையும் பரம்பரையையும் எதிரில் உள்ள மசூதியையும் சேர்த்துச் சொல்கிற வாடிக்கையாளர்களிடம் இந்த இருபதை விளக்குவதற்கே எனக்குப் பாதி நாள் போய்விடும்.

மீரான் பாய் அப்படிச் செய்யவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, 'மீரான் தாராவி' என்றார். எண்ணினேன், பதினாலு. செம்பூரில் ஒரு கிளியரிங் ஏஜென்ட் ஆபீஸில் பரமேஸ்வரன் என்று ஒரு ஹெட்கிளார்க் இருந்தார். பாலக்காட்டுக்காரர். புது மெஷின் வைத்ததும் நான் முதல் தாளை அவருக்குத்தான் அனுப்பிப் பார்ப்பது வழக்கம். அன்றும் அனுப்பினேன். உடனே போன் செய்தார். எல்லாம் தெளிவாக வந்திருக்கிறது, ஆனால் தலையில் தாராவி என்று இருக்கிறதே, பம்பாய் என்று போட்டால் வெளிநாட்டுக்காரன் கண்ணுக்குக் கௌரவமாக இருக்காதோ என்று கேட்டார். நியாயமான யோசனை என்றுதான் எனக்கும் பட்டது. பாயிடம் சொன்னேன்.

"பதினஞ்சு வருசம் பேரே இல்லாம வேல பாத்தாச்சு. இப்ப இருவது எழுத்து கெடச்சிருக்கு. ஊர்ப் பேர மறைக்கவா தம்பி அதச் செலவழிக்கணும்? மிச்ச ஆறு எழுத்து சும்மாவே கெடக்கட்டும்."

காய்கிற கம்பி

'நாய்ஸ்' என்பதை லைனில் தேவையில்லாத சத்தம் என்று விளக்கலாம். பேச்சில் கரகரப்பு இருந்தால் மனிதக் காது அதை ஒதுக்கிவிட்டு விஷயத்தைப் பிடித்துக்கொள்ளும். மெஷினுக்கு அந்தப் பெருந்தன்மை கிடையாது. கரகரப்பையும் எழுத்தாக எண்ணித் தாளில் கோடு கோடாகப் போட்டுவிடும், இல்லாவிட்டால் கோபித்துக்கொண்டு லைனைத் துண்டித்துவிடும்.

மூன்றாவது நாள் மீரான் பாயின் மெஷின் துண்டிக்க ஆரம்பித்தது. காலையில் நன்றாக இருக்கும், பதினோரு மணிக்கு மேல் கரகரக்கும், சாயங்காலம் மறுபடியும் தெளியும். லைன்மேன் சாவந்தை அழைத்து வந்தேன். மராட்டியர். தாராவியில் அத்தனை வருஷம் கம்பம் ஏறியதில் திருநெல்வேலித் தமிழ் அவர் நாக்கில் ஒட்டிக்கொண்டிருந்தது. எக்ஸ்சேஞ்சிலிருந்து கம்பம் வரை சோதித்தார், குறையில்லை. கம்பத்திலிருந்து பட்டறைக்கு வரும் கம்பியை அண்ணாந்து பார்த்தோம். மழை விட்டு வெயில் அடித்ததால், சாயம் தோய்த்த தோல் வார்களை வரிசையாக அதன்மேல் காயப்போட்டிருந்தார்கள். சிவப்புச் சாயத் தண்ணீர் கம்பி வழியாக இறங்கி, டேப் சுற்றிய இணைப்பில் ஒரு நிமிடத்துக்கு ஒரு சொட்டாக விழுந்துகொண்டிருந்தது. பதினோரு மணிக்குக் காயப்போடுவார்கள், சாயங்காலம் எடுத்துவிடுவார்கள்.

வார்களுக்கு வேறு கயிறு கட்டச் சொல்லிவிட்டு, சாவந்த் இணைப்பைத் துடைத்துப் புது டேப் சுற்றினார். லைன் மேல் குற்றம் சொன்னது போல என் முகம் இருந்திருக்க வேண்டும். இறங்கி வந்து கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்:

"லைன்ல ஒரு குத்தமும் இல்ல சாப். கம்பி ஏக்தம் பக்கா. துணிக் கொடின்னு நெனச்சா அதவிடப் பக்கா."

கைகுலுக்கல்

ஒரு ஃபாக்ஸ் மெஷின் இன்னொன்றை அழைத்ததும் இரண்டும் முதலில் கொஞ்ச நேரம் கீச்சுக் குரலில் பேசிக்கொள்ளும். நீ யார், என்ன வேகத்தில் வாங்குவாய், தாள் இருக்கிறதா என்றெல்லாம். இதற்கு ஆங்கிலத்தில் ஹேண்ட்ஷேக் என்று பெயர், நான் 'கைகுலுக்கல்' என்று சொல்வேன். அந்த நேரத்தில் வேறு யாராவது ரிசீவரைத் தூக்கினால் இரண்டும் குழம்பி விலகிவிடும். புதுமணத் தம்பதி பேசிக்கொண்டிருக்கும்போது நடுவில் போய் உட்காருகிற பெரியப்பா மாதிரிதான் பேரலல் போன்.

மெஷினை நான் செல்லத்துரை அண்ணாச்சியின் தையல் கடையில்தான் வைத்திருந்தேன். தூசியும் ரசாயன வாடையும் உள்ள இடத்தில் வைக்கக் கூடாது என்று கையேடு சொல்கிறது. பட்டறையில் தோல் தூசி, பசை வாடை இரண்டும் உண்டு. தையல் கடையில் சுத்தத்துக்குக் குறைவில்லை, ஆளும் எப்போதும் இருப்பார். ஆனால் அந்த ஆள்தான் சிக்கல். அண்ணாச்சியின் மகளுக்குத் தென்காசியில் பிரசவ நேரம், தலைப் பிரசவம். மனைவியும் ஊருக்குப் போயிருந்தார். எப்போது வேண்டுமானாலும் மாப்பிள்ளை கூப்பிடலாம் என்பதால், முதல் மணி அடிக்கும்போதே அண்ணாச்சியின் கை ரிசீவரில் இருக்கும். பரமேஸ்வரன் செம்பூரிலிருந்து ஐந்து தடவை அனுப்பிப் பார்த்தார். ஐந்து தடவையும் அண்ணாச்சி எடுத்து, கீச்சொலியிடம் "மாப்ளயா? சத்தமாச் சொல்லுங்க" என்றார்.

தையல் கடை இணைப்பையும் டீக்கடை இணைப்பையும் வெட்டிவிடலாம் என்று மீரான் பாயிடம் சொன்னேன். முடியாது என்றார். போனுக்கு மனு எழுதிக் கொடுத்தது அண்ணாச்சி, கம்பி ஓடுகிற சுவர் டீக்கடைக்காரருடையது, இப்போது மெஷின் வந்ததும் அவர்களை வெட்டிவிடுவதா? வேறு வழி சொல்லுங்கள் என்றார். சொன்னேன். யார் எடுத்தாலும் சரி, கீச்சென்று கேட்டால் 'விசில்' என்று கத்த வேண்டும், அண்ணாச்சி மெஷினில் பச்சைப் பொத்தானை அமுக்க வேண்டும், பிறகு எல்லோரும் ரிசீவரைப் பூப்போல வைத்துவிட வேண்டும். இதற்கு மேனுவல் ரிசப்ஷன், அதாவது கையால் வாங்குதல் என்று பெயர். சந்து முழுக்க ஒத்திகை நடந்தது. கைகுலுக்கலின் தத்துவத்தையும் நான் விடாமல் விளக்கினேன். அண்ணாச்சி ரிசீவரைக் காதிலிருந்து ஓர் அடி தள்ளிப் பிடித்துக் கொண்டு கேட்டார்:

"கை குலுக்குததுக்கா சார் இந்தக் கத்து கத்துது? யாரோட வெரலோ நசுங்குத மாதிரில்லா இருக்கு."

தாள் வந்த மறுநாள்

வியாழக்கிழமை சாயங்காலம் ஹாம்பர்க் தாள் வந்தது. மூன்றாவது முயற்சியில்தான் வந்தது. முதல் இரண்டு தடவையும் டீக்கடையில் யாரோ 'விசில்' என்று கத்திவிட்டு, விசில் எப்படித்தான் முடிகிறது பார்ப்போம் என்று கேட்டுக்கொண்டே இருந்துவிட்டார்கள். ஆனாலும் வந்தது. பர்ஸின் படம், ஏழு அளவுகள், கீழே நாலு வரி. இந்த ஏழு அளவுகளையும் உங்கள் கைப்பட எழுதிக் கையெழுத்திட்டு வெள்ளிக்கிழமை நாங்கள் ஆபீஸ் மூடுவதற்குள் அனுப்புங்கள், அனுப்பினால் ஆர்டர் உடனே வரும், இல்லாவிட்டால் மன்னிக்கவும், வேறு பட்டறை காத்திருக்கிறது. அவர்கள் வெள்ளிக்கிழமை மத்தியானமே மூடிவிடுவார்கள். நம் கடிகாரத்தில் ஐந்து மணி. மீரான் பாய் எனக்குப் போன் செய்து சொன்னார். நாளை வந்து பதில் அனுப்பித் தருகிறேன் என்றேன். இனி இது போல ஆகாமல் மெஷினையே தானாக எடுக்கச் செய்துவிடுகிறேன் என்றும் சொன்னேன்.

வெள்ளி மதியம் இரண்டு மணிக்கு ஆபீஸுக்குப் போன் வந்தது. பாயின் குரல் வழக்கம் போல நிதானமாகத்தான் இருந்தது, ஆனால் உடனே வரச் சொன்னார். போனேன். வெட்டு மேஜையில் ஓர் அட்டை கிடந்தது. அதன்மேல் ஹாம்பர்க் தாள். முழுக்கக் கறுப்பு. கரிக்கட்டையால் பூசியது போல. ஓர் எண் கூடத் தெரியவில்லை.

நடந்தது இதுதான். பட்டறையில் எந்த மாதிரிப் படம் வந்தாலும் அதை ரப்பர் சொல்யூஷன் தடவி அட்டையில் ஒட்டி, ஓரம் வெட்டி, அச்சாக வைத்துக்கொள்வார்கள். வெட்டு வேலை செய்கிற காதர் அதை முப்பது வருஷமாகச் செய்கிறவர். பாய் ஜும்மா தொழுகைக்குப் போயிருந்த நேரத்தில், அவசர வேலை என்று தெரிந்து, முந்திக்கொண்டு ஒட்டிவிட்டார். ஃபாக்ஸ் தாளில் மை கிடையாது. சூடு பட்ட இடம் கறுக்கிற மாதிரி ஒரு பூச்சு உண்டு, அவ்வளவுதான். அதனால்தான் அதற்குத் தெர்மல் தாள் என்று பெயர். சொல்யூஷனில் உள்ள திரவம் பட்டாலும் அந்தப் பூச்சு மொத்தமாகக் கறுத்துவிடும். இது கையேட்டில் இருக்கிறது. நான் படித்திருக்கிறேன். தோல் பட்டறைக்காக மெஷின் வைத்த அன்று அதைச் சொல்வதற்குப் பதிலாக, ஃபாக்ஸ் என்பது எந்த லத்தீன் சொல்லின் சுருக்கம் என்று கால் மணி நேரம் சொல்லிக்கொண்டிருந்தேன். வெயில் படாமல் வையுங்கள் என்றும் சொன்னேன். பசையைப் பற்றி மட்டும் சொல்லவில்லை. காதர் என்னைக் கோபமாகப் பார்த்திருந்தால் தேவலை. அவர் அட்டையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வெயில்ல வைக்காதன்னுதான சார் சொன்னீங்க. நான் நெழல்லதான் ஒட்டுனேன்."

அளவு நோட்டு

மறுபடியும் அனுப்பச் சொல்லிக் கேட்கலாம் என்றேன். முதல் காகிதத்தையே காப்பாற்றத் தெரியாதவன் என்று அவர்களிடம் சொல்ல வேண்டுமா என்று பாய் தயங்கினார். பிறகு வேறு வழியில்லை என்று சம்மதித்தார். பணிவாக ஆங்கிலத்தில் நாலு வரி எழுதினேன். டயல் செய்தேன். இந்த ரூட்டின் எல்லா லைன்களும் பிஸி. மறுபடியும் பிஸி. மணி மூன்று, மூன்றேகால். அந்தப் பெண்மணியின் குரல் எனக்கு மனப்பாடம் ஆகிவிட்டது. பட்டறையில் பதினோரு பேரும் தைப்பதை நிறுத்தியிருந்தார்கள்.

மூன்றரைக்குச் செல்லத்துரை அண்ணாச்சி மாட்டுங்காவில் பட்டன் வாங்கிக்கொண்டு திரும்பி வந்தார். விஷயத்தைச் சொன்னோம். பையைக் கீழே வைத்தார், கல்லாவுக்கு அடியிலிருந்து தன் அளவு நோட்டை எடுத்தார், பக்கத்தைப் புரட்டிக் காட்டினார். ஒரு பக்கம் யாரோ ஒரு அம்மாளின் ரவிக்கை, அடுத்த பக்கம் பள்ளிக்கூட யூனிஃபார்ம் இரண்டு, அதற்குக் கீழே, ஹாம்பர்க். ஏ 190, பி 95, சி 82 என்று வரிசையாக ஏழும். எதிரில் 'டெலிவரி: வெள்ளி' என்று கூடப் போட்டிருந்தார். முந்தின நாள் மெஷினிலிருந்து தாளைக் கிழித்தவர் அவர்தான். அளவு எழுதின காகிதம் எது கைக்கு வந்தாலும் முதலில் நோட்டில் ஏற்றிவிட்டுத்தான் கீழே வைப்பார். காகிதம் தொலையும், நோட்டு தொலையாது என்பது அவர் தொழில் சட்டம்.

மீரான் பாய் தன் மாதிரிப் பர்ஸை எடுத்து ஸ்கேல் வைத்து ஒவ்வொன்றாகச் சரி பார்த்தார். ஐந்து அளவு அப்படியே பொருந்தின. மாற்றச் சொல்வோம் என்று அவர்கள் ஏற்கெனவே கடிதத்தில் எழுதியிருந்த இரண்டுதான் வேறாக இருந்தன. புதுத் தாளில் ஏழையும் எழுதிக் கையெழுத்துப் போட்டார். நான் எழுதிய மன்னிப்புக் கடிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன். நாலு மணிக்கு லைன் கிடைத்தது, கைகுலுக்கல் ஒழுங்காக நடந்தது, தாள் போய்ச் சேர்ந்தது. இவ்வளவு எண்களையும் தப்பில்லாமல் எப்படி எழுதினீர்கள் என்று அண்ணாச்சியிடம் கேட்டேன்.

"நூத்தித் தொண்ணூறு இஞ்சில எவன் சட்ட போடுவான்னு எனக்கும் சந்தேகந்தான் சார். ஆனா அளவுன்னு வந்துட்டா எழுதிரணும்லா."

நாலாவது மணி

இனி ஆர்டர் வர வேண்டும். ஒரு மணி நேரம் இருந்தது. முந்தின நாள் போல டீக்கடையில் யாரும் விளையாடிவிடக் கூடாது என்று மெஷினை ஆட்டோ ரிசப்ஷனுக்கு மாற்றினேன். தானே வாங்குதல். இதில் பச்சைப் பொத்தான் வேலை செய்யாது. மூன்று மணி அடிக்க விட்டு, நாலாவதில் மெஷினே எடுத்துக் கீச்சிடும். யாரும் ரிசீவரைத் தொடக் கூடாது என்று சந்து முழுக்கச் சொல்லி அனுப்பினேன். டீக்கடைக்காரர் தன் போன்மேல் ஒரு பால் சட்டியையே கவிழ்த்து வைத்துவிட்டார்.

நாலேகாலுக்கு மணி அடித்தது. ஒருவரும் அசையவில்லை. நாலாவது மணியில் மெஷின் எடுத்தது, கீச்சிட்டது, நின்றது. தாள் வரவில்லை. ஐந்து நிமிடத்தில் மறுபடியும் அதே போல. எதிரில் இருப்பது மெஷினாக இருந்தால் பதிலுக்குக் கீச்சிட்டிருக்கும், இல்லை, லைனில் நாய்ஸ் இருந்தாலும் இப்படித்தான் ஆகும் என்று இரண்டு பக்கத்துக்கும் நான் காரணம் சொல்லிக்கொண்டிருந்தேன். மூன்றாவது தடவை மணி அடித்தபோது அண்ணாச்சியின் கை தானாக ரிசீவர் மேல் போய் நின்றது. தூக்கவில்லை. மீரான் பாயைப் பார்த்தார். ஹாம்பர்க்காக இருந்து, இவர் முந்தி எடுத்துவிட்டால் மெஷின் எடுக்காது, மறுபடியும் அனுப்ப அவர்களுக்கு நேரமிருக்காது. பாய்க்கு அது தெரியும், நான்தானே சொல்லிக் கொடுத்திருந்தேன். இரண்டாவது மணி அடித்தது.

"எடும் அண்ணாச்சி," என்றார் பாய். "ஆர்டர் போனா இன்னொண்ணு வரும்."

எடுத்தார். மூன்று நிமிடம் பேசினார். பேசினார் என்பதைவிட, ஆமா ஆமா என்று சொல்லிக்கொண்டே நின்றார் என்பதுதான் சரி. வைத்துவிட்டு, பேத்தி, ரெண்டு பேரும் நல்லா இருக்காவ, என்று பொதுவாகச் சுவரைப் பார்த்துச் சொன்னார். காதர் போய் டீ சொல்லிவிட்டு வந்தார். டீ வருவதற்குள், நாலு முப்பத்தைந்துக்கு, மறுபடியும் மணி அடித்தது. இந்தத் தடவை அண்ணாச்சி இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டார். நாலாவது மணியில் மெஷின் எடுத்தது, கீச்சிட்டது, எதிரிலிருந்தும் கீச்சொலி வந்தது, தாள் மெதுவாக வெளியே நீண்டது. 'பெறுநர்' என்கிற இடத்தில், தலைவரியில் நாங்கள் போட்ட அதே பதினாலு எழுத்துகள், மீரான் தாராவி. கீழே ஆர்டர். பாய் அதைக் கிழித்து எடுத்து, காதரைத் தாண்டிக் கொண்டுபோய், ஜெராக்ஸ் எடுக்க ஆள் அனுப்பிவிட்டுத்தான் படித்தார். அண்ணாச்சி அந்தத் தாளைப் பார்க்கவில்லை. மெஷினையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எஸ்டிடி பூத்துல நின்னு மாப்ள ரெண்டு தடவ இதுகிட்டத்தான் சொல்லியிருக்காரு பாய். நான் தாத்தாவானது மொதல்ல இதுக்குத்தான் தெரியும்."

ஆபீஸுக்குத் திரும்பி மீரான் பாயின் படிவத்தில் 'லைன் வகை'க்கு எதிரே இருந்த மூன்று கட்டங்களையும் விட்டுவிட்டு, பேனாவால் நாலாவதாக ஒரு கட்டம் வரைந்து 'சந்து' என்று எழுதி டிக் போட்டேன், கம்பெனி அந்தக் கட்டத்தை இன்றுவரை அச்சடிக்கவில்லை.